எந்தச் சேவலை வைத்துக்கொள்வது?

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரக் கூட்டமொன்றில் எமது தொடர்பாடல் அலுவலர் ஆற்றிய உரை. வாசிப்பதற்கு இலகுவாகச் சிறு தலைப்புகள் இடப்பட்டுள்ளன. கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள் சிலவும் இறுதியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை வைத்தியர் அல்ல. கலைப்பீடத்தில் படித்துவிட்டு, இந்த நிறுவனத்தில் அறிவித்தல்கள் எழுதுவதும் கைந்நூல்கள் அச்சிடுவதுமாக இருப்பவள். கோழியைப் பற்றி நான் அறிந்ததில் பாதி, என் அம்மம்மாவின் கோடிப்புறத்தில் அறிந்தது. மீதி, கால்நடை வைத்திய அலுவலகத்திலிருந்து வந்து வகுப்பெடுத்தவர்களிடமும் உங்கள் வளவுகளிலும் கேட்டறிந்தது. ஆகவே நான் சொல்வதில் உங்கள் அனுபவத்துக்கு மாறாக ஏதும் இருந்தால் தயங்காமல் எழுந்து சொல்லுங்கள்.

இங்கே இருக்கிற பலருக்கும் பொதுவான ஒரு நினைவு உண்டு. வெளிக்கிட்ட அன்று கோழிக்கூட்டைத் திறந்துவிட்டது. உழவு இயந்திரத்தில் நெல்லு மூட்டையும் சட்டி பானையும் பிள்ளைகளும் ஏறிய பிறகு, கடைசியாகப் போய்க் கூட்டுக் கதவைத் திறந்துவிட்டு வந்ததை எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். “அதுகளாவது தப்பிப் பிழைக்கட்டும்” என்று. திரும்பி வந்து பார்த்தபோது கூடும் இல்லை, கோழியும் இல்லை. செட்டிகுளம் முகாமில் இருந்த ஓர் அம்மா சொன்னார்: “விடிஞ்சதைத் தண்ணி பவுசர் வாற சத்தத்திலதான் அறிஞ்சனாங்கள், பிள்ளை. இஞ்ச வந்து முதல்நாள் சாவல் கூவினதைக் கேட்டுத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.”

அந்த அம்மாவின் கதையில் இருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது. அதில் என்னுடைய பிழையும் ஒன்று இருக்கிறது.

அவருக்கு வாழ்வாதார உதவியாக 5 பேடும் 2 சேவலும் கிடைத்தன. சில மாதங்களுக்குப் பின் நான் படம் எடுப்பதற்காக அந்த வளவுக்குப் போயிருந்தேன். அப்போது அவர் கேட்டார்: “பிள்ளை, ரெண்டு சாவலும் ஒரே கொத்துப்படுகுதுகள். எதை வைக்கிறது, எதை விக்கிறது?” நான் யோசிக்கவே இல்லை. “பெரியதை வித்தால் காசு கூட வருமே, அம்மா” என்று சொல்லிவிட்டு, கமெராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரும் பெரியதை விற்றுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கினார்.

மிஞ்சியது சிறிய சேவல். அது எப்போதும் மற்றதிடம் அடிவாங்கி ஒதுங்கி நின்றது. ஒரு கால் சற்று வளைவு. முதல் பேட்டை 12 முட்டையில் அடைக்கு வைத்தார். 5 குஞ்சுதான் பொரித்தது. அடுத்ததை 11 முட்டையில் வைத்தார், 3 குஞ்சு. அந்த 8 குஞ்சுகளில் இரண்டுக்குத் தகப்பனைப் போலவே கால் வளைவு. ஒரு வருடம் கழித்து நான் போனபோது, அதே 5 பேடுகள் இருந்தன. வளவு நிறையக் குஞ்சு இருக்கவில்லை. அவர் கோபிக்கவில்லை. “உன்னில பிழையில்லை. ஆனா இனி ஆரும் கேட்டால் யோசிச்சுச் சொல்லு” என்றார். யோசித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, சொல்வதுதான் இது.

ஒரு சேவல், பாதி மந்தை

ஒரு பேடு நல்லதில்லை என்றால் அந்தப் பேட்டின் குஞ்சுகள் மட்டுமே பழுது. சேவல் அப்படியல்ல. உங்கள் வளவில் 8 பேடு இருந்து ஒரே சேவல் இருந்தால், பொரிக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் தாய் வேறுவேறாக இருக்கலாம், தகப்பன் ஒன்றுதான். ஒவ்வொரு குஞ்சும் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தகப்பனிடமிருந்தும் எடுக்கிறது. அப்படியானால் அடுத்த தலைமுறையின் பாதி அந்த ஒரு சேவல்தான்.

இழப்பை நாட்களில் எண்ணிப் பாருங்கள். ஊர்ப்பேடு ஒன்று ஒரு தடவையில் 10 முதல் 15 முட்டை வரை இட்டு அடைக்குப் படுக்கும். அடை 21 நாள். பிறகு குஞ்சோடு திரிவது 2, 3 மாதம். அதன்பின்தான் மறுபடி முட்டை. சேவல் சரியில்லாமல் முட்டை கூழானால், இட்ட முட்டை போகிறது. விற்றிருக்கக்கூடிய காசு போகிறது. பேடு உடம்பு இளைத்துக் கிடந்த 21 நாளும் வீண். வருடத்துக்கு 3 அல்லது 4 தடவைதான் ஒரு பேடு அடைக்குப் படுக்கும். அதில் ஒன்றை இழப்பது சிறிய இழப்பல்ல.

எத்தனை சேவல் வேண்டும்?

8 முதல் 10 பேட்டுக்கு ஒரு சேவல் போதும். அதற்குமேல் சேவல் நின்றால் தீனிதான் செலவு. பேடு குறைவாகவும் சேவல் கூடுதலாகவும் இருந்தால், பேடுகளின் முதுகில் செட்டை உதிர்ந்து தோல் தெரியும். பயந்து வேலிக்கு வெளியே போய் முட்டையிடும்.

உங்களிடம் 2, 3 பேடு மட்டும் இருந்தால் தனிச் சேவல் வேண்டியதே இல்லை. அயல்வீடுகள் 3 சேர்ந்து ஒரு நல்ல சேவலை வைத்திருக்கலாம். வேலி இல்லாத இந்த நாட்களில் கோழிகளுக்கு எல்லை தெரியாது. சேவலும் எல்லா வளவுக்கும் போய் வரும். தீனியைப் பங்கிட்டுக் கொள்ளுங்கள். ஆனால் ஆருடைய சேவல், விற்றால் காசு எப்படி என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள். கோழியால் வந்த அயல்சண்டை எத்தனையோ உண்டு.

ஒரு சேவலைத் தெரிந்தெடுத்தாலும், இரண்டாவது நல்லதை உடனே விற்காதீர்கள். கீரியோ மரநாயோ ஒரு இரவில் உங்கள் தெரிவை மாற்றிவிடும். இயலுமானால் இரண்டாவதைச் சகோதரி வீட்டிலோ மாமி வீட்டிலோ விட்டுவையுங்கள்.

தாயைப் பார்த்து எடுங்கள்

சேவல் முட்டை இடாது. ஆனால் அதன் பேட்டுக்குஞ்சுகள் எத்தனை முட்டை இடும், ஒழுங்காக அடைக்குப் படுக்குமா, குஞ்சைக் காப்பாற்றுமா என்பதில் அந்தச் சேவலின் தாய்க்குப் பங்குண்டு. ஆகவே இளஞ்சேவலைப் பார்ப்பதற்கு முன் அதன் தாயைப் பாருங்கள்.

என் அம்மம்மா இதை வேறுவிதமாகச் செய்வா. வளவில் எந்தப் பேடு அதிக குஞ்சைக் கடைசிவரை காப்பாற்றி வளர்த்ததோ, அந்தப் பேட்டின் சேவல் குஞ்சு ஒன்றின் காலில் பழைய சீலைக் கரையைக் கிழித்துக் கட்டுவா. கட்டிய குஞ்சை ஆரும் தொடக்கூடாது. விருந்தாளி வந்தாலும் சரி, தீபாவளி வந்தாலும் சரி. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். நிறநூல் கட்டினால், குஞ்சு வளர வளர அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் நூல் காலை அறுக்கும்.

எந்தப் பேடு, எத்தனை முட்டையில் அடைக்குப் படுத்தது, எத்தனை பொரித்தது, 2 மாதத்தில் எத்தனை மிஞ்சியது என்பதைச் சுவர்க் கலண்டரில் அந்தந்தத் திகதிக்கு நேரே எழுதுங்கள். கொப்பி தேவையில்லை. பிள்ளைகளிடம் சொன்னால் ஆசையோடு எழுதுவார்கள்.

மூன்று தடவை பார்ப்பது

சேவலை ஒரே நாளில் தெரிந்தெடுக்க முடியாது. மூன்று தடவை பார்க்கவேண்டும்.

முதலாவது, 2 மாதத்தில். அப்போது சேவல் குஞ்சுகளின் கொண்டை சிவக்கத் தொடங்கும். எது சேவல், எது பேடு என்று தெரியும். கால் வளைந்தது, சொண்டு கோணியது, எப்போதும் செட்டையைத் தொங்கவிட்டு நிற்பது ஆகியவற்றைக் கறிக்கு ஒதுக்குங்கள்.

இரண்டாவது, 4 மாதத்தில். ஒரே அடையில் பொரித்தவற்றுக்குள் வேகமாக வளர்ந்தவற்றில் 2 அல்லது 3ஐ வைத்துக்கொண்டு மற்றதை விற்கலாம். ஒப்பிடும்போது ஒரே வயதுக் குஞ்சுகளை ஒப்பிடுங்கள். மாசியில் பொரித்ததையும் வைகாசியில் பொரித்ததையும் பக்கத்தில் நிறுத்தி “இது பெரிது” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, 7 அல்லது 8 மாதத்தில். அப்போதுதான் ஊர்ச்சேவல் முழுச்சேவல் ஆகும். கடைசித் தெரிவு அப்போது. அதற்குமுன் அவசரப்பட்டுப் பேடுகளோடு விட்டு, முட்டை கூழாகிவிட்டது என்று குறை சொல்லக்கூடாது.

கையில் எடுத்துப் பாருங்கள்

விடியற்காலையில், கூட்டிலிருந்து இறக்கும்போதே சேவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலையில் தொடங்கிக் கால்வரை வரவேண்டும்.

கண் இரண்டும் தெளிவாக, ஈரம் வழியாமல் இருக்கவேண்டும். மூக்கில் சளியோ மூச்சில் இரைச்சலோ இருக்கக்கூடாது. கொண்டையும் தாடியும் நல்ல சிவப்பு. வெளிறியிருந்தால் வயிற்றில் பூச்சியோ உடம்பில் உண்ணியோ இருக்கலாம். வைத்தியம் செய்து பார்த்த பிறகே முடிவெடுங்கள். மேற்சொண்டும் கீழ்ச்சொண்டும் நேராகப் பொருந்தவேண்டும்.

நெஞ்செலும்பை விரலால் தடவுங்கள். அது நேராக இருக்கவேண்டும். எலும்பு கத்திபோல் துருத்தினால் சதை இல்லை என்று பொருள். முதுகு அகலமாக இருப்பது நல்லது.

கால்தான் முக்கியம். சேவல் பேட்டின்மேல் ஏறிச் சமநிலையில் நிற்பது காலால்தான். கால் வளைந்தாலோ, விரல் முறுகியிருந்தாலோ, உள்ளங்காலில் கட்டி இருந்தாலோ எவ்வளவு அழகான சேவலும் பயன்படாது. கால்செதில் தூக்கி, சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால் அது செதிலுக்குள் இருக்கும் சிற்றுண்ணி. காலைக் கழுவிக் காயவிட்டு வேப்பெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெயைச் சில நாள் விட்டுவிட்டுப் பூசுங்கள். அது மற்றக் கோழிகளுக்கும் தொற்றும். அவற்றின் காலையும் பாருங்கள்.

வாலடியில் செட்டையை விலக்கிப் பாருங்கள். பேன் அங்கேதான் கூடும். கூட்டருகே ஒரு சிறு குழியில் அடுப்புச் சாம்பலும் புழுதியும் போட்டுவிட்டால் கோழிகளே குளித்துப் பேனைக் குறைத்துக்கொள்ளும்.

நிறை பற்றி ஒரு சொல். பெரிய சேவல் நல்லதுதான். ஆனால் உங்கள் பேடுகள் சிறியவை என்றால், அளவுக்கு மிஞ்சிய பாரமான சேவல் அவற்றின் முதுகைக் கிழிக்கும். குதிமுள் நீண்டிருந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கிவிடுங்கள். அடியோடு வெட்டினால் இரத்தம் போகும்.

குணத்தையும் பாருங்கள்

தீனியைக் கண்டதும் தானே விழுங்காமல், ‘கொக் கொக்’ என்று பேடுகளைக் கூப்பிட்டுக் காட்டுகிற சேவலைக் கண்டிருப்பீர்கள். அது நல்ல சேவல். பிராந்து வட்டமிடும்போது முதலில் சத்தம்போட்டு மற்றவற்றை பற்றைக்குள் ஓடவைப்பதும் நல்ல சேவல். எங்கள் ஊர்களில் இப்போது நிழல்மரங்கள் குறைவு. குஞ்சுக்கு மறைவிடம் குறைவு. காவல்காரச் சேவலின் பெறுமதி இப்போது கூட.

ஆனால் பிள்ளைகளைப் பாய்ந்து கொத்துகிற சேவலை வைத்திருக்கவேண்டாம். “வீரமான சாவல்” என்று பெருமைப்படுவோரும் உண்டு. தவழும் குழந்தையின் முகத்தில் அது பாய்ந்தால் கண் போகும். அந்தக் குணம் அதன் குஞ்சுகளுக்கும் போகக்கூடும்.

மாப்பிள்ளை வெளியிலிருந்து வரட்டும்

இன்று நான் சொல்வதில் இதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். சேவலை அதன் மகளோடும் சகோதரியோடும் சேரவிடாதீர்கள்.

நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இனம் பெருகினால், முட்டைக்குள்ளேயே குஞ்சு சாவது கூடும், பொரித்தவை நோஞ்சானாகும், முட்டையும் குறையும். இது ஒரு வருடத்தில் கண்ணுக்குத் தெரியாது. 3, 4 வருடத்தில் “முந்தி மாதிரிக் கோழி வாய்க்குதில்லை” என்று சொல்லவைக்கும்.

முன்பு இந்தப் பிரச்சினை பெரிதாக இருக்கவில்லை. ஊரெல்லாம் கோழி, பலவீட்டுச் சேவல், கலியாணம், காதுகுத்து என்று ஊர்விட்டு ஊர் கோழி போய்வந்தது. இப்போது அப்படியில்லை. உதவியாகக் கிடைத்த கோழிகள் பல குடும்பங்களுக்கு ஒரே இடத்திலிருந்து, ஒரே வாகனத்தில் வந்தவை. எது எதற்குச் சகோதரம் என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆகவே நாங்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

வழி மிகவும் இலகுவானது. எங்கள் ஆட்களின் வழக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண்வீட்டுக்குப் போவது? கோழிக்கும் அதையே செய்வோம். ஒரு ஒழுங்கையில் 4 வீடுகள் சேருங்கள். பேட்டுக்குஞ்சுகள் பிறந்த வளவிலேயே நிற்கட்டும். தெரிந்தெடுத்த சேவல் குஞ்சு மட்டும் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். முதலாம் வீட்டுச் சேவல் இரண்டாம் வீட்டுக்கு; இரண்டாம் வீட்டுடையது மூன்றாம் வீட்டுக்கு; மூன்றாமது நாலாம் வீட்டுக்கு; நாலாமது முதலாம் வீட்டுக்கு. ஒவ்வொரு வருடமும் இதே திசை. திசையை மாற்றக்கூடாது. பழைய சேவலை, அதன் மகள்கள் முட்டையிடத் தொடங்கும் 6ஆம் மாதத்துக்கு முன் வளவிலிருந்து எடுத்துவிடவேண்டும்.

நாலு வீட்டுக் கோழியும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்றால், முதல் வருடம் ஒன்றிரண்டு சேவலையாவது வேறு ஊரிலிருந்து, நீண்டகாலமாகக் கோழி வளர்க்கிறவர்களிடமிருந்து எடுங்கள். அப்படி வளவுகள் கோழிகளோடு திறந்து கலந்திருந்தால், வீட்டுக்கு வீடு மாற்றுவது போதாது. ஒழுங்கைக்கு ஒழுங்கை மாற்றுங்கள்.

புதிய சேவல் வந்தால்

வெளியிலிருந்து வந்த சேவலை நேரே கோழிகளோடு விடவேண்டாம். 2 கிழமை தனியாக, வளவின் மறுபக்கத்தில் வைத்திருங்கள். முதலில் உங்கள் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுக் கடைசியாக அதற்குப் போடுங்கள், கையைக் கழுவுங்கள். பச்சையாகக் கழிவது, கழுத்து முறுகுவது, தூங்கி விழுவது கண்டால் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். இராணிக்கெட் நோய் வந்தால் ஒரு கிழமையில் கூடு காலியாகலாம். வந்த பின் அதற்கு மருந்தில்லை. வருமுன் தடுப்புமருந்து உண்டு. உங்கள் பகுதியில் எப்போது போடுகிறார்கள் என்று அந்த அலுவலகத்தில் கேட்டு, எல்லா வீடும் ஒரே நாளில் போடுங்கள். ஒரு வீடு தவறினாலும் எல்லோருக்கும் ஆபத்து.

2 கிழமை கழிந்ததும் இருட்டிய பின் கூட்டுக்குள் மற்றவற்றின் பக்கத்தில் ஏற்றிவிடுங்கள். விடியும்போது சண்டை குறைவாக இருக்கும்.

பழைய சேவலை எடுத்த அடுத்த நாளே புதுச்சேவலின் குஞ்சு கிடைக்காது. சேவலோடு சேர்ந்த பேட்டின் வயிற்றில் அதன் விந்து 2 கிழமை, சிலவேளை 3 கிழமைவரை உயிரோடு இருக்கும். புதியதன் குஞ்சுதான் வேண்டும் என்றால், 3 கிழமை கழித்து இட்ட முட்டையை அடைக்கு வையுங்கள். அதுவரை இட்டதைச் சமைக்கலாம், விற்கலாம்.

பண்ணைச் சேவல் வைத்தால் முட்டை கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். கலப்புப் பேடுகள் கூடுதலாக முட்டையிடலாம். ஆனால் முட்டைக்கென்றே வளர்த்தெடுத்த இனங்கள் அடைக்குப் படுப்பது அரிது. அந்தக் குறை குஞ்சுகளுக்கும் வரும். மின்சாரமும் பொரிக்கும் இயந்திரமும் இல்லாத வீட்டில் அடைக்கோழி இல்லாவிட்டால் மந்தை அதோடு முடிந்தது. விரும்பினால் ஒரு பகுதியைக் கலப்பாக்குங்கள். நல்ல ஊர்ப்பேடு 3, 4ஐயும் ஊர்ச்சேவல் ஒன்றையும் கைவிடாதீர்கள்.

முட்டை சொல்லும் சாட்சி

சேவல் சரியா என்று அறிய வைத்தியர் வேண்டாம். ஒரு ரோச் லைட் போதும். அடைக்கு வைத்து 7ஆம் நாள் இரவு, முட்டையின் மொத்தப் பக்கத்தில் ரோச்சை வைத்துக் கையால் மூடிப் பாருங்கள். சிலந்திபோல் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் குஞ்சு பிடித்திருக்கிறது. வெறும் மஞ்சளாகத் தெளிவாக இருந்தால் பிடிக்கவில்லை; அதை எடுத்துவிடுங்கள்.

பத்தில் ஒன்றிரண்டு தெளிவாக இருப்பது வழமை. பாதிக்குமேல் தெளிவு என்றால் சேவலைச் சந்தேகியுங்கள். ஒரு பேட்டின் முட்டை மட்டும் தெளிவு, மற்றவை சரி என்றால் குறை அந்தப் பேட்டில். நரம்பு பிடித்து, பின்பு குஞ்சு உள்ளே செத்திருந்தால் வேறு காரணம்: அடை குழம்பியிருக்கலாம், முட்டை பழசாக இருந்திருக்கலாம், அல்லது நான் சொன்ன இரத்த நெருக்கமாக இருக்கலாம். 7 முதல் 10 நாளுக்குள் இட்ட முட்டையையே அடைக்கு வையுங்கள். வைக்கும்வரை நிழலான இடத்தில், கூர்முனை கீழே இருக்க, கழுவாமல் வைத்திருங்கள்.

கடும் வெயில் காலத்தில் சேவலின் திறன் குறையும். அப்போது அவசரப்பட்டு அதை விற்காதீர்கள். நிழலில் மண்சட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மழை தொடங்கிய பின் இன்னொரு அடை பார்த்து முடிவெடுங்கள்.

விற்கவேண்டி வந்தால்

எல்லோரும் அறிந்த ஒரு விடயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு பொய்யாகிவிடும். காசு தேவைப்படும் நாளில் வியாபாரி கேட்பது பெரிய சேவலைத்தான். கொப்பி வாங்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் பஸ் காசு வேண்டும் என்றால் ஆரும் “இனவிருத்தி” பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நல்லதை விற்று நோஞ்சானை மிச்சம் வைத்தால், நாங்கள் அறியாமலே நோஞ்சான்களைத் தெரிந்தெடுத்து இனம் பெருக்குகிறோம்.

ஆகவே ஒரு வழக்கத்தைப் பிடியுங்கள். சேவலை விற்பதற்கு முன், அதன் மகன் ஒன்று காலில் சீலையோடு அயல்வீட்டில் வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் தைரியமாக விற்கலாம். இல்லாவிட்டால், இயலுமானவரை இரண்டு இளஞ்சேவலை விற்று அந்த ஒன்றைக் காப்பாற்றப் பாருங்கள். கோயிலுக்கு நேர்ந்துவிடுகிறவர்களும் இதை யோசியுங்கள்.

கோழியின் பின்னால் போகவேண்டாம்

கடைசியாக, சேவலைவிடப் பெரிய விடயம். இன்னும் மிதிவெடி அகற்றி முடியாத காணிகள் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. கோழி மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் போனால், அது அங்கேயே முட்டையிட்டாலும் அடைக்குப் படுத்தாலும், போகட்டும். பின்னால் போகவேண்டாம், பிள்ளைகளை அனுப்பவேண்டாம். ஒரு கோழியை இன்னொரு கோழியால் ஈடுசெய்யலாம்.

அப்படிப் போகாமல் தடுக்கவும் வழி உண்டு. பேடுகள் பெரும்பாலும் காலையில்தான் முட்டையிடும். முட்டைக்காலத்தில் 10 மணிவரை கூட்டில் வைத்திருந்து பிறகு திறவுங்கள். உள்ளே ஒரு கடகத்தில் வைக்கோல் போட்டு, முட்டை அளவான வெள்ளைக்கல் ஒன்றை வைத்தால் அங்கேயே இடப் பழகும். பற்றைக்குள் கிடக்கும் இரும்புப் பெட்டிகள், குழாய்களைக் கூட்டுக்கோ தண்ணீர் வைக்கவோ எடுத்து வராதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

கூட்டத்தில் கேட்கப்பட்டவை

சேவல் இல்லாவிட்டால் பேடு முட்டையிடாதா?
இடும். சேவல் வேண்டியது குஞ்சு பொரிக்கத்தான். விற்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் முட்டை வேண்டுமென்றால் சேவல் தேவையில்லை. சத்திலும் வித்தியாசமில்லை.

வெள்ளைச் சேவல் கூடாது என்கிறார்களே?
நிறத்தால் இனம் கெடாது. ஆனால் வெள்ளைக் குஞ்சைப் பிராந்து தூரத்திலேயே கண்டுவிடும். மண்ணிறம், சிவப்பு, புள்ளி நிறங்கள் திறந்த வளவுக்குப் பாதுகாப்பு.

கழுத்தில் செட்டை இல்லாத சேவல் நோயாளியா?
பிறவியிலேயே கழுத்து மொட்டை என்றால் நோயில்லை. அது ஒரு வகை. செட்டை குறைவாதலால் வெக்கையைத் தாங்கும். இடையில் உதிர்ந்தது என்றால் உண்ணி, பேன் பாருங்கள்.

சேவலை எத்தனை வயதுவரை வைத்திருக்கலாம்?
ஊக்கமாக இருந்தால் 3 வயதுவரை. ஆனால் ஒரே வளவில் அல்ல. மகள்கள் வளரும்போது அடுத்த வீட்டுக்கு மாற்றுங்கள்.

காட்டுச்சேவல் வந்து எங்கள் பேடுகளோடு நிற்கிறது. பிடித்து வளர்க்கலாமா?
வேண்டாம். அது எங்கள் நாட்டின் தேசியப் பறவை. பிடிப்பது சட்டப்படி குற்றம். அதோடு சேர்ந்து பிறக்கும் குஞ்சுகளின் இனம்பெருக்கும் திறனும் குறைவு.

முடிவாக

அந்த அம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அவரது தமக்கையின் வளவிலிருந்து, நல்ல அடைக்கோழி ஒன்றின் மகனைக் கேட்டு வாங்கினார். பதிலுக்கு ஒரு பேடு கொடுத்தார். போன முறை நான் போனபோது 12 முட்டையில் 10 பொரித்து, தாயோடு கிளறிக்கொண்டு திரிந்தன. அதில் ஒன்றின் காலில் நீலச் சீலைத்துண்டு. “இது ஆருக்கு அம்மா?” என்று கேட்டேன். “முன்வீட்டுக்கு. அவையளின்ரை மேற்குவீட்டுக்கு” என்றார். அதற்கு மேல் அவருக்கு நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.